கார் ஏ.சி. பழுதுக்கு நாற்பதாயிரம் ரூபாய் கேட்கிறார்கள்: எதை மாற்றுவது, எதை விடுவது?

அடையாறு_கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2016-ஆம் ஆண்டு வாங்கிய பெட்ரோல் ஹேட்ச்பேக். சென்ற ஆண்டு கத்திரி வெயிலுக்கு முன்பு குளிர்ச்சி குறைந்ததால், வீட்டருகே உள்ள கடையில் 1,800 ரூபாய் கொடுத்து கேஸ் நிரப்பினேன். மழைக்காலம் வரை நன்றாகவே இருந்தது. இந்த ஆண்டு மார்ச் மாதத்திலேயே ஏ.சி. போட்டால் வெறும் காற்றுதான் வருகிறது.

கார் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற ஒரு சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டேன். அரை மணி நேரத்தில் எஸ்டிமேட் கொடுத்துவிட்டார்கள். கம்ப்ரசர் 19,500, கண்டென்சர் 6,400, கூலிங் காயில் 5,200, எக்ஸ்பான்ஷன் வால்வு 1,300, கேஸும் ஆயிலும் 2,600, டேஷ்போர்டைக் கழற்றி மாட்டும் கூலி 6,500 என்று வரி உட்பட மொத்தம் 41,500 ரூபாய். இவற்றில் எது பழுது என்று கேட்டேன். "பழைய வண்டி சார், செட்டாக மாற்றிவிடுவது நல்லது" என்று மட்டும் சொன்னார்கள்.

டயாலிசிஸ் செய்துகொள்ளும் என் தந்தையை மருத்துவமனையிலிருந்து நண்பகல் வெயிலில் அழைத்து வருவதற்காகவே இந்தக் காரை வைத்திருக்கிறேன். ஏ.சி. இல்லாமல் ஓட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட முடியாது. அதே சமயம், வண்டியை விற்றாலே இரண்டரை லட்சம்தான் கிடைக்கும் என்ற நிலையில் 41,500 ரூபாயை யோசிக்காமல் எடுத்து வைக்கவும் முடியவில்லை. இந்த வேலையை நன்கு அறிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

கோவை_குளிர் எழுதியது:

வணக்கம் ஐயா. கோவையில் கார் ஏ.சி. வேலை மட்டும் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். வண்டியை நேரில் பார்க்காமல் இன்னதுதான் பழுது என்று சொல்வது முறையாகாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதிலிருந்தே ஒன்று தெளிவாகத் தெரிகிறது. உங்கள் வண்டியில் கேஸ் லீக் ஆகிறது. அந்த லீக் எங்கே என்று இதுவரை யாரும் தேடவில்லை.

ஏ.சி. கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்ந்துவிடுவதில்லை. கம்ப்ரசர் அழுத்தி, கண்டென்சர் வெப்பத்தை வெளியேற்றி, எக்ஸ்பான்ஷன் வால்வு அழுத்தத்தைக் குறைத்து, கூலிங் காயில் வண்டிக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சி, மீண்டும் கம்ப்ரசருக்கே திரும்புகிற மூடிய சுற்று அது. உங்கள் வண்டி போன்ற சிறிய கார்களில் ஏறத்தாழ 350 முதல் 500 கிராம் கேஸ்தான் இருக்கும். சரியான அளவு பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அச்சிடப்பட்டிருக்கும். ரப்பர் ஹோஸ் வழியாக ஆண்டுக்கணக்கில் மிகச் சிறிதளவு குறைவது உண்டு. ஆனால் நிரப்பிய கேஸ் ஒரே ஆண்டுக்குள் தீர்ந்துபோனால் அதற்கு லீக்கைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை. சென்ற ஆண்டு நீங்கள் கொடுத்த 1,800 ரூபாய் அந்த ஓட்டை வழியாகத்தான் போயிருக்கிறது.

இப்போது எஸ்டிமேட்டுக்கு வருகிறேன். அதில் அதிக விலை கம்ப்ரசருக்கு. சுற்றில் கேஸ் குறைந்துவிட்டால் பிரஷர் சுவிட்ச், கம்ப்ரசரை என்ஜினோடு இணைக்கும் கிளட்ச்சை ஒட்ட விடாது. கம்ப்ரசர் ஆயில் இன்றி ஓடித் தேய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்தப் பாதுகாப்பு வைக்கப்பட்டிருக்கிறது. எனவே கேஸ் இல்லாத வண்டியில் கம்ப்ரசர் ஓடாமல் இருப்பது இயல்பு. அதை வைத்துக் கம்ப்ரசர் போய்விட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. லீக்கை அடைத்து, ஸ்டிக்கரில் உள்ள எடைக்குக் கேஸ் நிரப்பி, இரண்டு பக்கமும் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பார்த்த பிறகுதான் அந்தத் தீர்ப்பைச் சொல்ல முடியும். நம் ஊர் வெயிலில் தாழ் அழுத்தப் பக்கம் 30 முதல் 45 பி.எஸ்.ஐ., உயர் அழுத்தப் பக்கம் 200 முதல் 250 பி.எஸ்.ஐ. வரை காட்டினால் கம்ப்ரசர் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். கிளட்ச் ஒட்டிய பிறகும் இரண்டு முள்ளும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்றால்தான் அதைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் உடனே முழுக் கம்ப்ரசரை மாற்றத் தேவையில்லை. சத்தம் மட்டும் வந்தால் பெரும்பாலும் புல்லி பேரிங்தான் காரணம், அது சில நூறு ரூபாயில் கிடைக்கும். கிளட்ச் ஒட்டவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், ரிலே, கிளட்ச் காயில் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் தேவைக்கேற்ப அழுத்தும் அளவை மாற்றிக்கொள்ளும் கம்ப்ரசர் இருக்கும். அதன் கன்ட்ரோல் வால்வு மட்டும் கெட்டுப்போவது சாதாரணமாக நடக்கும், அந்த வால்வைத் தனியாக மாற்றலாம்.

நீங்கள் கேட்க வேண்டியது லீக் டெஸ்ட். சுற்றில் நைட்ரஜன் ஏற்றி, 150 முதல் 200 பி.எஸ்.ஐ. வரை அழுத்தம் கொடுத்து, ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் சோப்பு நுரை தடவிப் பார்ப்பார்கள். வால்வை அடைத்துவிட்டுக் கேஜ் முள் இறங்குகிறதா என்று அரை மணி நேரமாவது பொறுமையாகப் பார்க்க வேண்டும். பலர் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பம்ப் போட்டு, வேக்கம் நிற்கிறது, லீக் இல்லை என்று முடித்துவிடுகிறார்கள். அது போதாது. வேக்கத்தில் குழாய் மீது படும் அழுத்த வேறுபாடு வெறும் 15 பி.எஸ்.ஐ.க்குள்தான், ஓடும்போது அதே குழாயில் 200-க்கு மேல் இருக்கும். 15-இல் காட்டாத ஓட்டை 200-இல் நிச்சயம் காட்டும். கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள் மறைந்திருப்பதால் அங்கே நுரை தடவ முடியாது. காயிலில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் டிரெய்ன் குழாயின் வாயில் எலக்ட்ரானிக் டிடெக்டரை வைத்துப் பார்க்கலாம், அல்லது ஒளிரும் சாயம் சேர்த்து, சில நாள் ஓட்டிவிட்டு, புற ஊதா விளக்கில் பார்க்கலாம்.

இந்தச் சோதனைக்கு எங்கள் ஊரில் 500 முதல் 1,000 ரூபாய் வரை வாங்குகிறோம். அதைச் செய்யாமல் எந்தப் பாகத்துக்கும் ஒப்புதல் கொடுக்காதீர்கள்.

வைகை_சாரதி எழுதியது:

மதுரையில் பல ஆண்டுகளாகக் கால் டாக்ஸி ஓட்டுகிறேன். அடையாறு அண்ணனுக்கு இது பொருந்தாமல் போகலாம், ஆனாலும் இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது நன்றாகக் குளிர்ந்து, சிக்னலில் நின்றவுடன் காற்று சூடாகிறது என்றால், கேஸ் கடைக்குப் போவதற்கு முன்பு பானெட்டைத் திறந்து கண்டென்சர் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஏ.சி. போட்டதும் அந்த ஃபேன் சுற்றத் தொடங்க வேண்டும். ஓடும் வண்டியில் எதிர்க்காற்றே கண்டென்சரைக் குளிர்வித்துவிடும். நின்ற வண்டியில் ஃபேன் இல்லாவிட்டால் உயர் அழுத்தம் எகிறி, கம்ப்ரசர் நின்றுவிடும். எங்கள் ஸ்டாண்டில் ஒரு தம்பியிடம் இதற்குக் கம்ப்ரசர் மாற்ற வேண்டும் என்று சொல்லி 16,000 கேட்டார்கள். கடைசியில் கெட்டிருந்தது ஃபேன் ரிலே. 250 ரூபாயோடு வேலை முடிந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அரை மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்றின் வேகமே குறைந்து, ஏ.சி.யை அணைத்துச் சிறிது நேரம் விட்டால் மறுபடி சரியாகிறது என்றால் கூலிங் காயிலில் பனி கட்டுகிறது என்று அர்த்தம். ஃபில்டர் அடைப்பு, காயிலின் குளிரை அளக்கும் சென்சர், குறைந்த கேஸ் ஆகியவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். முதல் இரண்டும் சின்ன வேலைகள்.

பழைய_பணிமனை எழுதியது:

அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர்களில் நீண்ட காலம் சர்வீஸ் அட்வைசராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மறுபக்கத்தின் நியாயத்தையும் இங்கே பதிவு செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன்.

செட்டாக மாற்றச் சொல்வது எல்லா நேரங்களிலும் பணம் பறிப்பதற்காக அல்ல. கம்ப்ரசர் உள்ளே இறுகி நின்றுவிட்டால், தேய்ந்த உலோகத் துகள்கள் ஆயிலோடு கலந்து சுற்று முழுவதும் பரவிவிடும். இக்காலக் கண்டென்சர்களின் குழாய்கள் மிக நுண்ணியவை. எவ்வளவு ஃபிளஷ் செய்து கழுவினாலும் அவற்றில் சிக்கிய துகளை முழுமையாக வெளியேற்ற முடியாது. பழைய கண்டென்சரை வைத்துக்கொண்டு புதுக் கம்ப்ரசரை மாட்டினால், அந்தத் துகளே சில மாதங்களில் புதியதையும் கெடுத்துவிடும். அதனால்தான் கண்டென்சர், ஈரத்தை உறிஞ்சும் டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு ஆகியவற்றையும் சேர்த்து மாற்றாவிட்டால் கம்ப்ரசருக்கு வாரண்டி தர மறுக்கிறார்கள். இது தொழில்நுட்ப ரீதியாகச் சரியான நிபந்தனை.

கூலியைப் பற்றியும் பலர் குறைபட்டுக்கொள்கிறார்கள். பல கார்களில் கூலிங் காயிலை எடுக்க ஸ்டியரிங், ஏர்பேக், டேஷ்போர்டு, அதற்குப் பின்னால் உள்ள இரும்புச் சட்டம் வரை கழற்ற வேண்டும். ஒரு ஆள் ஒரு முழு நாள் செய்யும் வேலை அது. ஒரு கிளிப் உடைந்தாலும் வாழ்நாள் முழுவதும் டேஷ்போர்டு கடகடவென்று சத்தம் போடும். அந்தக் கூலியைக் குறைக்கச் சொல்லி வற்புறுத்துவது வாடிக்கையாளருக்கே நல்லதல்ல.

ஆனால் அடையாறு நண்பரின் விஷயத்தில், லீக் டெஸ்ட்டும் கேஜ் அளவும் இல்லாமல் அரை மணி நேரத்தில் அந்த எஸ்டிமேட்டைக் கொடுத்திருந்தால், நான் மேற்சொன்ன எந்தக் காரணமும் அதற்குப் பொருந்தாது. கம்ப்ரசர் ஆயிலில் துகள் இருந்ததா என்று கேளுங்கள், பார்த்திருந்தால் காட்டுவார்கள். சோதனைக் கட்டணத்தைத் தனியாகக் கொடுத்து, சோதனை முடிவை எழுத்தில் வாங்குங்கள். எஸ்டிமேட் பழையதாக இருந்தால் தேதியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகி இருக்கிறது. அதற்கு முன்பு பெரும்பாலான பாகங்களுக்கு 28 சதவீதம் இருந்தது.

கோவை_குளிர் எழுதியது:

பழைய_பணிமனை ஐயா சொன்னதில் கம்ப்ரசர் இறுகிய வண்டியைப் பற்றிய பகுதியை அப்படியே ஏற்கிறேன். அந்த இடத்தில் சிக்கனம் பார்த்தவர்கள் இரண்டு முறை செலவு செய்ததைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன். ஆனால் இறுகாத கம்ப்ரசருக்கும், ஓட்டை விழாத கண்டென்சருக்கும் இதே விதியை நீட்டுவதை ஏற்க முடியவில்லை. நல்ல நிலையில் உள்ள கம்ப்ரசருக்கு வயது ஒரு குற்றமல்ல. பத்தாண்டு, பன்னிரண்டு ஆண்டு ஓடிய கம்ப்ரசர்கள் என் பட்டறைக்கு வரும் வண்டிகளில் இன்றும் சரியான அழுத்தம் காட்டுகின்றன.

முத்துநகர் எழுதியது:

தூத்துக்குடியில் கடற்கரைக்கு மிக அருகில் வசிக்கிறோம். எங்கள் பகுதியில் முதலில் போவது கண்டென்சர்தான். பம்பருக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால் இருப்பதால் உப்புக்காற்றும் சேறும் கல்லும் முதலில் படுவது அதன் மீதுதான். அலுமினிய இதழ்கள் வெள்ளையாகப் பூத்து, விரல் பட்டாலே உதிரும். எங்கள் காருக்குக் கண்டென்சர் மாற்றிய அனுபவத்தில் இரண்டு செய்திகளைச் சொல்கிறேன்.

வண்டியை விடும்போதே, செய்ய வேண்டிய வேலையைக் குறிக்கும் ஜாப் கார்டில், "எனது ஒப்புதல் இன்றி எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது, மாற்றிய பழைய பாகங்களை என்னிடம் ஒப்படைக்க வேண்டும்" என்று என் கையால் எழுதிக் கையொப்பமிட்டேன். வண்டியை எடுக்கப் போனபோது பில்லில் எக்ஸ்பான்ஷன் வால்வும் இருந்தது. பழைய வால்வைக் கேட்டேன். தேடிப் பார்த்துவிட்டு வந்து, அந்த வரியை பில்லிலிருந்து நீக்கிவிட்டார்கள். சண்டையோ உயர்ந்த குரலோ தேவைப்படவில்லை. அந்த ஒரு வரி எழுத்து போதுமானதாக இருந்தது.

பேசித் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பழுது பார்ப்பதில் உள்ள குறைபாடும் சேவைக் குறைபாடுதான். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கோ சேவைக்கோ மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யக் கட்டணம் இல்லை. பில், எஸ்டிமேட், ஜாப் கார்டு, வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய செய்தி ஆகிய அனைத்தையும் பத்திரமாக வைத்திருங்கள்.

வெளியே பார்த்தால் வாரண்டி போய்விடும் என்று சொல்லி அச்சுறுத்துவதைப் பற்றியும் கேட்டிருப்பீர்கள். உங்கள் வண்டிக்கு வாரண்டி எப்போதோ முடிந்திருக்கும், ஆகவே அந்தக் கவலையே வேண்டாம். உதிரி பாகங்களைத் தனியார் பட்டறைகளுக்குக் கிடைக்க விடாமல் தடுத்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்கள் மீது 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அவற்றுள் சில மேல்முறையீட்டுக்குச் சென்றன. ஆனாலும் வெளியே பழுது பார்ப்பது வாடிக்கையாளரின் உரிமை என்ற பேச்சு அதன்பிறகுதான் வலுப்பெற்றது. 2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தையே தொடங்கியது. அதில் வாகனங்களும் ஒரு பிரிவாக உள்ளன.

வைகை_சாரதி எழுதியது:

அக்கா எழுதிய ஜாப் கார்டு வாசகத்தை எங்கள் ஸ்டாண்ட் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்திருக்கிறேன். மிக்க நன்றி.

இயந்திரவியல்_ஆசிரியர் எழுதியது:

பாலிடெக்னிக்கில் குளிர்பதனம் கற்பிக்கிறேன். செலவைக் குறைக்க வேண்டும் என்ற நியாயமான எண்ணத்தில், குறைந்த விலைக் கேஸை நாடிவிடக் கூடாது என்பதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இந்தியாவில் இப்போது ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். சந்தையில் அதே பெயரில் போலி டப்பாக்களும் உலவுகின்றன. சிலவற்றில் சமையல் எரிவாயு போன்ற எரியும் வாயுக்கள் கலக்கப்படுகின்றன. அவை குளிர்விக்கவும் செய்யும் என்பதுதான் ஆபத்து, ஏனெனில் வாடிக்கையாளருக்கு வித்தியாசமே தெரியாது. டேஷ்போர்டுக்குள் லீக் ஆனால் அந்த வாயு நேராகப் பயணிகள் அமர்ந்திருக்கும் இடத்துக்கு வரும். இன்னும் கொடியது ஆர்-40 எனப்படும் மெத்தில் குளோரைடு கலந்த போலி. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் சேர்மங்களை உருவாக்கும். 2011-ஆம் ஆண்டில் இத்தகைய போலிக் கேஸ் நிரப்பப்பட்ட குளிர்பதனக் கப்பல் கன்டெய்னர்கள் வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். நம் கார்களின் கண்டென்சரும் கூலிங் காயிலும் அலுமினியத்தால் ஆனவையே. எனவே டப்பாவில் உற்பத்தியாளரின் பெயரும் பேட்ச் எண்ணும் இருக்கின்றனவா என்று பார்ப்பதும், எடை போடும் கருவியில் வைத்து அளந்து ஏற்றச் சொல்வதும் உங்கள் உரிமை. கேஜைப் பார்த்து உத்தேசமாக ஏற்றுவது சரியான முறையல்ல. 400 கிராம் கொள்ளும் வண்டியில் 500 கிராம் ஏற்றினால் குளிர்ச்சி அதிகரிக்காது. அழுத்தம் உயர்ந்து, குளிர்ச்சி குறைந்து, கம்ப்ரசரின் ஆயுளும் குறையும்.

வேக்கம் போடும் நேரத்தையும் கவனியுங்கள். சுற்றைத் திறந்து வேலை செய்தால் காற்றோடு ஈரமும் உள்ளே போகும். அழுத்தத்தை மிகவும் குறைத்தால் தண்ணீர் அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும் என்பதால்தான் வேக்கம் போடுகிறோம். ஐந்து நிமிட வேக்கத்தில் அது நிகழாது. அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட வேண்டும். தங்கிய ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து அடைத்துக்கொள்ளும், ஆயிலோடு சேர்ந்து அமிலமாகவும் மாறும். மின்சாரக் கார்களிலும் பல ஹைப்ரிட் கார்களிலும் மின்சாரத்தில் ஓடும் கம்ப்ரசர் இருப்பதால், மின்சாரம் கடத்தாத தனி வகை ஆயில்தான் ஊற்ற வேண்டும். சாதாரணக் காருக்கு ஊற்றும் ஆயில் சிறிதளவு கலந்தாலும் கம்ப்ரசரின் மின்காப்பு கெட்டுவிடும். அந்த வண்டிகளைப் பயிற்சி இல்லாதவர்களிடம் விடவே கூடாது.

இனி கார் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு தகவல் உண்டு. ஆர்-134ஏ புவியைச் சூடாக்கும் திறனில் கரியமில வாயுவை விட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலியது. அதனால் 2016-ஆம் ஆண்டு கிகாலி உடன்பாட்டின் கீழ் இத்தகைய வாயுக்கள் படிப்படியாகக் குறைக்கப்படுகின்றன. இந்தியா 2021-இல் அதை ஏற்றது. நமக்கு உற்பத்தி, பயன்பாட்டின் உச்சவரம்பு 2028-இலும், குறைப்பு 2032-இலும் தொடங்கும். வெளிநாடுகளில் புதிய கார்கள் பெரும்பாலும் ஆர்-1234ஒய்எஃப் என்ற கேஸுக்கு மாறிவிட்டன. அதன் விலை ஆர்-134ஏயைப் போலப் பல மடங்கு. அந்த வண்டிகளில் லீக்கைத் தேடாமல் டாப்-அப் செய்துகொண்டே இருப்பது இன்றைய கணக்கில் கட்டுப்படியாகாது.

தஞ்சை_நெல் எழுதியது:

ஐயா, ஏ.சி. பழுதுக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா? எங்கள் காரில் எலி வயரைக் கடித்து ஏ.சி. நின்றுவிட்டது.

பழைய_பணிமனை எழுதியது:

தேய்மானத்தால் வரும் இயந்திர, மின் பழுதுகளுக்கு வழக்கமான வாகனக் காப்பீடு பணம் தராது. எனவே கூலிங் காயில் லீக், கம்ப்ரசர் தேய்மானம் ஆகியவற்றுக்குக் கிடைக்காது. சாலையில் மோதல் நேர்ந்து கண்டென்சர் உடைந்தால், முழுமையான பாலிசி இருக்குமானால் கேட்கலாம். எலிக் கடியைப் பல நிறுவனங்கள் ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. பாலிசியைப் படித்துவிட்டு, எதையும் கழற்றுவதற்கு முன்பே தகவல் கொடுத்து, காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் பார்த்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். ஆனால் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். கிளைம் செய்தால், கிளைம் செய்யாதவர்களுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் போய்விடும். அது ஆண்டுகளைப் பொறுத்து 20 முதல் 50 சதவீதம் வரை இருக்கும். 3,000 ரூபாய் வயரிங் வேலைக்குக் கிளைம் போட்டால் அடுத்த ஆண்டுப் பிரீமியத்தில் அதைவிட அதிகமாகக் கட்ட நேரிடலாம்.

அடையாறு_கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. உங்கள் ஆலோசனைப்படி, கார் ஏ.சி. வேலை மட்டும் செய்யும் ஒரு பட்டறையில் 800 ரூபாய் கட்டி லீக் டெஸ்ட் செய்தேன். நடந்ததை விரிவாக எழுதுகிறேன், பிறருக்கும் பயன்படும்.

நைட்ரஜனை 180 பி.எஸ்.ஐ. வரை ஏற்றி, பானெட்டுக்குள் உள்ள எல்லா ஜாயின்ட்டுகளிலும் நுரை தடவினார்கள். கேஸ் ஏற்றும் வால்வின் மூடியைத் திறந்து நுரை வைத்ததும் ஊசிமுனை அளவில் ஒரு குமிழ் எழுந்து எழுந்து உடைந்தது. அதன் உள்ளே இருக்கும் சிறு வால்வு தேய்ந்திருந்தது. அதை மாற்றிய பிறகும் கேஜ் முள் மெல்ல இறங்கியது. சிறிது கேஸ் சேர்த்து, டிரெய்ன் குழாயின் வாயில் டிடெக்டரை வைத்ததும் அது விடாமல் ஒலித்தது. அப்போதுதான் டேஷ்போர்டைக் கழற்ற நான் ஒப்புதல் கொடுத்தேன்.

எடுத்த கூலிங் காயிலை என் கண்முன்னே தண்ணீர்த் தொட்டியில் முக்கி அழுத்தம் கொடுத்தார்கள். கீழ் மூலையில் இரண்டு இடங்களிலிருந்து குமிழ்கள் சரம் போல வந்தன. அந்த மூலையில் புங்க மரத்தின் பூவும் சருகும் மண்ணும் களியாக ஒட்டி, அலுமினியம் கறுத்து அரித்திருந்தது. எங்கள் தெருவில் வண்டி நிற்பது புங்க மரத்தடியில்தான். கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துளை வழியாகப் பூ உள்ளே போகிறது. எங்கள் மாடலில் அதைத் தடுக்க கேபின் ஃபில்டர் இல்லை. ஈரம் படிந்த காயிலில் அது தங்கி ஆண்டுக்கணக்கில் அரித்திருக்கிறது.

பில் விவரம்: கூலிங் காயில் 4,600, எக்ஸ்பான்ஷன் வால்வு 1,200, கண்டென்சரோடு இணைந்த டிரையர் பை 600, சிறு வால்வும் ஓ-ரிங்குகளும் 350, வேக்கம், ஆயில், கேஸ் 2,200, கூலி 5,000, சோதனை 800. மொத்தம் 14,750 ரூபாய். கேஸ் நிரப்பிய பிறகு கேஜ் 38-உம் 225-உம் காட்டியது. வெளியே 37 டிகிரி வெயிலில், நடு வென்ட்டில் வைத்த தெர்மாமீட்டர் 9 டிகிரிக்கு இறங்கியது. கம்ப்ரசரும் கண்டென்சரும் பழையவையே.

நியாயத்துக்காக இதையும் சொல்ல வேண்டும். சர்வீஸ் சென்டர் சொன்ன பாகங்களில் கூலிங் காயில் உண்மையிலேயே பழுதாகத்தான் இருந்தது. அவர்கள் அதை மட்டும் சோதித்துச் சொல்லியிருந்தால், கூடுதலாக இரண்டாயிரம், மூவாயிரம் ஆனாலும் அங்கேயே செய்திருப்பேன்.

வைகை_சாரதி எழுதியது:

தகப்பனார் இனி சிரமமில்லாமல் வந்து போவார், அண்ணா. மகிழ்ச்சி.

சேலம்_மாங்கனி எழுதியது:

என் வண்டியில் கம்ப்ரசர் உண்மையிலேயே இறுகிவிட்டது. ஆயிலில் வெள்ளித் துகள் மின்னுவதைக் காட்டினார்கள். புதியது 22,000 என்கிறார்கள். சென்னைப் புதுப்பேட்டையில் பழையது 5,000-க்குக் கிடைக்கும் என்று நண்பர் சொல்கிறார். பழையதைச் சீரமைத்து விற்கும் ரீகண்டிஷன் 9,000. எதை வாங்கலாம்?

கோவை_குளிர் எழுதியது:

வண்டியை இன்னும் எத்தனை ஆண்டுகள் வைத்திருப்பீர்கள் என்பதைப் பொறுத்தது அது. நான்கைந்து ஆண்டு என்றால் புதியதையே போடுங்கள். கார் நிறுவனத்தின் பெட்டியில் வரும் கம்ப்ரசரைச் செய்து தருவது வேறொரு நிறுவனம். சப்ராஸ், டென்சோ, சாண்டன், ஹேனான் போன்றவர்கள். அதே உற்பத்தியாளரின் பெட்டியில், அங்கீகாரம் பெற்ற உதிரி பாகக் கடையில் வாங்கினால் விலை கணிசமாகக் குறையும், பாகம் ஒன்றுதான். பாக எண்ணை ஒப்பிட்டு, ஜி.எஸ்.டி. பில்லோடு வாங்குங்கள்.

ஓரிரு ஆண்டில் விற்கப் போகிறீர்கள் என்றால் ரீகண்டிஷன் போடலாம், ஆனால் குறைந்தது ஆறு மாத வாரண்டி எழுத்தில் இருக்க வேண்டும். புதுப்பேட்டையில் எடுக்கும் பழையதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விபத்து வண்டியிலிருந்து கழற்றி, குழாய் வாயை மூடாமல் மாதக்கணக்கில் கிடந்திருந்தால், அதற்குள் ஈரம் ஏறியிருக்கும். எதை வாங்கினாலும் உங்கள் வண்டிக்குக் கண்டென்சரும் டிரையரும் எக்ஸ்பான்ஷன் வால்வும் புதிதாகப் போட்டே ஆக வேண்டும். பழைய_பணிமனை ஐயா எழுதியது உங்களைப் போன்ற நிலைக்குத்தான்.

முத்துநகர் எழுதியது:

அடையாறு_கரை சகோதரருக்கு: கேபின் ஃபில்டர் இல்லாமல் விட்டால் புதிய காயிலிலும் அதே பூ படியும். பல மாடல்களில் குறைந்த விலை வேரியன்ட்டில் ஃபில்டரைத் தராமல் விட்டிருந்தாலும் அதற்கான இடம் இருக்கும். கிளவ் பாக்ஸைக் கழற்றிப் பாருங்கள்.

அடையாறு_கரை எழுதியது:

பார்த்தேன், சகோதரி. கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் நீள்சதுர வடிவில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கிறது. ஓரங்களைக் கத்தியால் அறுத்தால் திறக்கும்படி அமைத்திருக்கிறார்கள். மேல் வேரியன்ட்டுக்கான ஃபில்டர் 320 ரூபாய்க்கும், அதற்கான மூடி 90 ரூபாய்க்கும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கிடைத்தன. ஃபில்டரின் ஓரத்தில் காற்றுப் போகும் திசைக்கு அம்புக்குறி உண்டு. எங்கள் வண்டியில் அது கீழ்நோக்கி இருக்க வேண்டும். புளோயரின் வேகம் சற்றே குறைந்தது போலத் தெரிகிறது, குளிர்ச்சியில் மாற்றமில்லை. கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துளையின் மேல் மெல்லிய கம்பி வலையும் பொருத்தச் சொல்லியிருக்கிறேன். மரத்தடியில் வண்டி நிறுத்துபவர்கள் மாடலின் பெயரை இங்கே எழுதினால், அந்தந்த வண்டியில் ஃபில்டர் இடம் இருக்கிறதா என்பதை வைத்திருப்பவர்கள் பதிலாகச் சொல்லலாம்.